ரத்தம் வராத ஈறு

மும்பை தாதர் கிழக்கில் காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது. பரேல் டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வரும் புற்றுநோயாளிகள் அங்கே தங்குகிறார்கள். குட்காவும், பல்லில் தேய்க்கும் மிஷ்ரிப் புகையிலைத்தூளும் வாயை என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரம் 2012-லேயே குட்காவைத் தடை செய்துவிட்டது. மின்சிகரெட்டுக்கு 2019-ல் நாடு முழுவதும் தடை வந்தது. ஆனாலும் பென்டிரைவ் அளவில் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் ‘வேப்’ என்னும் மின்சிகரெட், கல்லூரிப் பிள்ளைகள் கைக்கு எப்படியோ வந்து சேர்கிறது.

“வெறும் ஆவிதானே” என்கிறார்கள். ஆவி அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், மணமூட்டிகள் கலந்த திரவம் சூடான கம்பிச்சுருளில் பட்டு நுண்துளிகளாகி வாய்க்குள் படிகிறது. புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சுவதால் வாய் வறண்டுபோகிறது. அமிலத்தைத் தணிப்பதும், எனாமல் இழந்த கால்சியத்தைத் திருப்பித் தருவதும் எச்சில்தான். அது குறைந்தால் பல்லுக்குக் காவல் இல்லை. போதாததற்குக் கிளிசரினின் பிசுபிசுப்பு வேறு. இனிப்பு மணமூட்டிய திரவங்களை வைத்து 2018-ல் ஆய்வகத்தில் செய்த சோதனையில், சொத்தைக்குக் காரணமான பாக்டீரியா எனாமலில் நான்கு மடங்கு கூடுதலாக ஒட்டியது. எனாமலின் கடினம் 27 சதவீதம் குறைந்தது.

சொத்தையாவது ஒருநாள் வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் கூடுதல் கவலை ஈறைப் பற்றித்தான். ஈறு வீங்கினால், பல் துலக்கும்போது ரத்தம் வரும். உடம்பு நமக்குத் தரும் முதல் எச்சரிக்கை அது. நிகோடின் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடுவதால் அந்த ரத்தம் வருவதில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஈறு வெளிறி, இறுகி, நல்லபடியாகவே தெரியும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூர்ணிமா குமார் குழுவினர், வாய்நோய் ஏதும் இல்லாத 123 பேரின் ஈறடியிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. சில மாதங்களே வேப் பிடித்தவர்களின் வாயிலும், முற்றிய ஈறுநோயாளிகளிடம் காணப்படுவதைப் போன்ற பாக்டீரியாக் கூட்டம் சேர்ந்திருந்தது. நிகோடின் இல்லாத திரவமானாலும் இதே கதைதான்.

புற்றுநோய் வருமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். இந்தக் கருவி கடைக்கு வந்தே இருபது ஆண்டுகள் சொச்சம்தான். ஈறோ அத்தனை காலம் காத்திருக்காது.

வேப் பிடிப்பவர் பல் டாக்டரிடம் அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் போன்றவற்றைத்தான் 2019 சட்டம் தண்டிக்கிறது. பிடித்ததற்காக யாரையும் தண்டிப்பதில்லை. சொல்லிவிட்டால், டாக்டர் ஈறின் நிறத்தை மட்டும் நம்பாமல், மெல்லிய அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டுப் பார்ப்பார். மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் நல்லது. அதைத் தாண்டி இறங்கினால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. நிகோடினை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.