பறித்த பிறகும் ஓடும் கடிகாரம்: கிணத்துக்கடவு தக்காளிக்குள் என்ன நடக்கிறது?

கோவை – பொள்ளாச்சி சாலையில் அடிக்கடி போய் வருபவர்களுக்கு, கிணத்துக்கடவு என்றதும் தக்காளிதான் ஞாபகத்துக்கு வரும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பறிக்கும் தக்காளி, இங்குள்ள தினசரி காய்கறிச் சந்தைக்கு வருகிறது. 15 கிலோ பெட்டிக் கணக்கில் விலை பேசுகிறார்கள். கேரள வியாபாரிகளும் வந்து வாங்கிப் போகிறார்கள்.

வரத்து கூடினால் விலை சரியும். ரொம்பவே சரிந்தால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டாது. அப்படியான நாட்களில் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவதும், சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. அடுத்த சில வாரங்களில் அதே தக்காளி எட்டாத விலைக்கு ஏறி, நாம் மீம் போடுவதும் நடக்கிறது.

மஞ்சள் என்றால் மூட்டை கட்டி குடோனில் வைத்து, 'விலை வரட்டும்' என்று மாதக்கணக்கில் காத்திருக்கலாம். தக்காளியில் அது முடியாது. ஏன் முடியாது? பதில் உயிரியலில் இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன சுவாசம், நொதி, செல் சவ்வு, டி.என்.ஏ. எல்லாமே ஒரு தக்காளிப் பெட்டிக்குள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அந்த வேலையின் வேகத்தை வைத்துத்தான் விவசாயியின் கையில் இரண்டு நாள் அவகாசம் இருக்கிறதா, பத்து நாள் இருக்கிறதா என்பது முடிவாகிறது.

பறித்தாலும் உயிர் போவதில்லை

தக்காளியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். மீதி உள்ள கொஞ்சத்தில்தான் சர்க்கரை, அமிலம், நிறமி, மணம் எல்லாம். காம்பைக் கிள்ளியதும் செடியிலிருந்து வரும் தண்ணீரும் உணவும் நின்றுபோகும். ஆனால் பழத்தின் செல்கள் சாவதில்லை. கையிருப்பில் உள்ள சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டபடி இருக்கும். நாம் மூச்சு விடுவதும் இதே வேதியியல்தான்.

1920-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஆப்பிள் விடும் கார்பன் டை ஆக்சைடை அளந்து பார்த்தார்கள். பழுக்கத் தொடங்கும் நேரத்தில் அந்த அளவு திடீரென உச்சத்துக்குப் போனது. பழம் மூச்சு வாங்குகிற மாதிரி! இப்படி மூச்சு எகிறும் பழங்களுக்கு 'கிளைமாக்டெரிக்' பழங்கள் என்று பெயர். வாழை, மாம்பழம், பப்பாளி, சப்போட்டா, தக்காளி எல்லாம் இந்த ரகம். முற்றிய காயாகப் பறித்தாலும் இவை பழுத்துவிடும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி அப்படி இல்லை. பறித்த அன்று இருந்த இனிப்புதான் கடைசி வரை.

கேஸ் விளக்கு காட்டிக்கொடுத்த வாயு

அந்த 'திடீர்' வேகத்தைக் கிளப்புவது எது? இதற்கான துப்பு ஒரு பட்டாணிச் செடியில் கிடைத்தது.

19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. குழாயில் கசிவு இருந்த இடத்தில் எல்லாம் பக்கத்து மரங்கள் இலையை உதிர்த்தன. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாணவராக இருந்த டிமிட்ரி நெல்ஜுபோவ், தன் ஆய்வகத்தில் முளைத்த பட்டாணி நாற்றுகள் நேராக வளராமல் பருத்து, குட்டையாகி, பக்கவாட்டில் படர்வதைக் கவனித்தார். வெளிக்காற்றில் வைத்தால் அவை ஒழுங்காக வளர்ந்தன. செடி ஒன்றுதான், மாறியது காற்று மட்டும்தான். அந்த வாயுவில் கலந்திருந்த பொருட்களைத் தனித்தனியாகச் சோதித்து, காரணம் எத்திலீன் என்று 1901-ல் வெளியிட்டார்.

எத்திலீன் மிகச் சின்ன மூலக்கூறு: இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். பாலித்தீன் கவருக்கு மூலப்பொருளும் இதுவே. பழம் தானாகவே இந்த வாயுவை உருவாக்குகிறது என்பதை 1934-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் வேதியியல் முறையில் நிரூபித்தார். தைவானில் பிறந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணியாற்றிய ஷாங் ஃபா யாங், டக்ளஸ் ஆடம்ஸுடன் சேர்ந்து, செடி இதை எந்த வழியில் தயாரிக்கிறது என்பதை 1979-ல் கண்டுபிடித்தார். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, ஏ.சி.சி. என்ற இடைப்பொருள் வழியாக எத்திலீன் வருகிறது. கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜனைக் குறைத்த கிடங்குகளில் ஆப்பிள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்திலீனின் முக்கியக் குணம் ஒன்று உண்டு. பழுக்கும் பழத்தில் கொஞ்சம் எத்திலீன் வந்தால், அது இன்னும் நிறைய எத்திலீனை உருவாக்கத் தூண்டும். பக்கத்துப் பழத்துக்கும் பரவும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். ஒரு பெட்டியில் நாலு பழம் நன்றாகப் பழுத்திருந்தால், மற்ற செங்காய்களின் கடிகாரமும் வேகமாக ஓட ஆரம்பிக்கும். சந்தைக்கு அனுப்பும் முன் காய், செங்காய், பழம் என்று தரம் பிரிப்பதற்குப் பின்னால் இந்த அறிவியல் இருக்கிறது.

ஒரு தக்காளி, நான்கு மூலக்கூறுகள்

உயிரின் வேதியியலை நான்கு பெரிய மூலக்கூறுக் குடும்பங்களாகப் பிரிப்பார்கள். நாலுக்கும் பழுப்பதில் பங்கு உண்டு.

டி.என்.ஏ.: எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு இங்கே எழுதப்பட்டிருக்கிறது. தக்காளியின் மரபணுத் தொகுப்பு 2012-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சுமார் 35,000 மரபணுக்கள். பல நாடுகள் பங்குபோட்டுச் செய்த இந்த வேலையில், 5-வது குரோமோசோம் இந்திய ஆய்வு நிறுவனங்களின் பொறுப்பு.

புரதம்: உத்தரவை நிறைவேற்றும் வேலையாட்கள் நொதிகள் என்ற புரதங்கள்தான். பச்சையத்தைச் சிதைப்பது, சிவப்பு நிறமியான லைகோபீனைக் கட்டுவது, மணம் தரும் பொருட்களைத் தயாரிப்பது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நொதி.

கார்போஹைட்ரேட்: சர்க்கரை மட்டும் இல்லை. செல் சுவர்களை ஒட்டிவைக்கும் பசையான பெக்டினும் இந்தக் குடும்பம்தான். பாலிகேலக்டுரோனேஸ் போன்ற நொதிகள் பெக்டினை வெட்ட வெட்ட, பழம் தளர்கிறது.

கொழுப்பு: ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது. பாஸ்போலிபேஸ் டி என்ற நொதி அதை அரிக்கத் தொடங்கினால் சவ்வு ஓட்டையாகும், உள்ளே இருப்பது கசியும். பெட்டியின் அடியில் ஒழுகும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

வெயிலும் ஃபிரிட்ஜும்

நொதிகள் எல்லா வெப்பநிலையிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சுமார் 30 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் லைகோபீன் உருவாவது தடைபடும். ஆனால் மஞ்சள் நிறமிகள் உருவாவது தொடரும். கோடை வெயிலில் பழுத்த தக்காளி செக்கச் சிவக்காமல், மஞ்சள் கலந்த ஆரஞ்சாகவே நின்றுவிடுவது இதனால்தான்.

அதற்காகக் குளிரில் வைத்தால் தீர்ந்ததா? இல்லை. பச்சைத் தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் குளிர்க்காயம் ஏற்படும். வெளியே எடுத்த பிறகு சீராகப் பழுக்காது, தோலில் குழி விழும், சீக்கிரம் அழுகும். பழுத்த தக்காளிக்கும் ஃபிரிட்ஜ் ஒத்துவராது. 2016-ல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பழங்களில் மணப்பொருட்கள் குறைந்திருந்தன. மணத்துக்கான மரபணுக்கள் சிலவற்றை இயக்கும் டி.என்.ஏ. குறிகளே குளிரில் மாறியிருந்தன. 'கடைத் தக்காளியில் டேஸ்ட்டே இல்லை' என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

எத்திலீனை நம்பத்தான் வேண்டும் என்றில்லை, சோதித்தே பார்க்கலாம். தேவை: ஒரே கடையில் வாங்கிய, ஒரே அளவுள்ள 9 முற்றிய பச்சைத் தக்காளி, ஒரே மாதிரி காகிதக் கவர் மூன்று, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று.

முதல் கவரில் 3 தக்காளி மட்டும். இரண்டாவதில் 3 தக்காளியோடு வாழைப்பழம். மூன்றாவதில் 3 தக்காளி போட்டு ஃபிரிட்ஜில். முதல் இரண்டையும் சமையலறையில் ஒரே அலமாரியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கவர்தான் இங்கே ஒப்பீட்டு அளவுகோல். அது இல்லாவிட்டால், வாழைப்பழத்தால் பழுத்ததா, தானாகப் பழுத்ததா என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு கவருக்கும் முதல் கவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். மூன்று மூன்றாக வைப்பது, ஒரு தக்காளியின் தனிக்குணம் முடிவைக் குழப்பாமல் இருக்க. நெல்ஜுபோவ் பட்டாணியில் செய்ததும் இதே தர்க்கம்தான்.

ஒரு விஷயம்: காய் முற்றியிருக்க வேண்டும். அதே குவியலில் இன்னொரு காயை எடுத்து நறுக்கிப் பாருங்கள். விதைகளும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது பிஞ்சு. விதைகள் கத்திக்கு வழுக்கிக்கொண்டு கூழுக்குள் ஒதுங்கினால், முற்றிய காய்.

கார்பைடு கல் ஏன் கூடாது?

வாழைப்பழம் செய்வதை அறை அளவில் செய்வதுதான் பழுக்க வைக்கும் கூடம். இதற்கு எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. உச்ச வரம்பு, பத்து லட்சத்தில் 100 பங்கு.

கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. அது ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும். அசிட்டிலீன் எத்திலீனைப் போல நடித்து நிறத்தை மாற்றும். ஆனால் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருக்க வாய்ப்புண்டு. அதைக் கையாளும் தொழிலாளிக்கும் ஆபத்து, சாப்பிடுபவருக்கும் ஆபத்து.

கடிகாரத்தை மெதுவாக்க முடியுமா?

முதலில் மரபணுவில் கை வைத்தார்கள். அமெரிக்காவில் 1994-ல் சந்தைக்கு வந்த 'ஃப்ளேவர் சேவர்' தக்காளியில், பெக்டினை வெட்டும் பாலிகேலக்டுரோனேஸ் நொதியை அடக்கியிருந்தார்கள். ஆனால் பழத்தைத் தளர்த்துவது அந்த ஒரு நொதி மட்டும் இல்லையே. எதிர்பார்த்த அளவுக்கு உறுதி கிடைக்கவில்லை, சில ஆண்டுகளில் சந்தையிலிருந்தும் போய்விட்டது. 2010-ல் டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனம் வேறு இரண்டு நொதிகளை அடக்கி, தக்காளி சுமார் 30 நாள் கூடுதலாகக் கெடாமல் இருப்பதைக் காட்டியது. ஆய்வகத்தில் ஜெயித்த வழி இது.

இன்னொரு வழிக்கான ஆராய்ச்சி கோவையிலேயே நடந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும், இலங்கை ஆய்வு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து, கனடா அரசு நிதியில் 2012 வாக்கில் ஹெக்சனல் என்ற பொருளைப் பழங்களில் சோதிக்கத் தொடங்கின. ஹெக்சனல் நமக்குத் தெரிந்த மணம்தான். புல்லை வெட்டும்போதும், தக்காளியை நறுக்கும்போதும் எழும் பச்சை வாசனையில் அது இருக்கிறது. செல் சவ்வை அரிக்கும் பாஸ்போலிபேஸ் டி நொதியை அது மட்டுப்படுத்துகிறது. அறுவடைக்கு முன் ஹெக்சனல் கலவையைத் தெளித்த மாமரங்களில், பழம் இரண்டு, மூன்று வாரம் கூடுதலாக மரத்தில் நின்றது. எல்லோரும் ஒரே வாரத்தில் பறித்து, ஒரே வாரத்தில் விலையை இழக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் அர்த்தம்.

விலை வீழ்ச்சிக்கு இது தீர்வா?

முழுத் தீர்வு இல்லை. நாலு மாவட்டத்தில் ஒரே நேரத்தில் நடவு நடந்தால், எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் தக்காளியாக இருந்தாலும் வரத்து குவியத்தான் செய்யும். பச்சைக் காய்க்கு ஏற்ற 13 டிகிரி கிடங்கு, பழுத்ததை வாங்கிக் கூழாக்கும் ஆலை, நடவைப் பிரித்துத் திட்டமிடுதல் எல்லாம் சேர வேண்டும். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு விலை ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க மத்திய அரசு 2018 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கி 'ஆபரேஷன் கிரீன்ஸ்' அறிவித்ததும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் அவகாசம் என்பது பேரம் பேசும் பலம். நாளைக்குள் அழுகிவிடும் என்றால், இன்றைக்குச் சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நாலு நாள் தாங்கும் என்றால், 'இந்த விலை கட்டாதுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த சந்தையைப் பார்க்கலாம்.

வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: காயும் பழமும் கலந்து வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் பிரித்து வையுங்கள். வாழைப்பழத்தைத் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். செங்காயை ஃபிரிட்ஜுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நன்றாகப் பழுத்ததை முதலில் சமைத்துவிடுங்கள்.