தாய் கடல் கடந்த வீட்டில்

போர்முனை சென்ற வீரனின் மனைவி மக்களைத் தனித்து வளர்ப்பதைப் பல கதைகளிற் படித்திருக்கிறோம். ஹாலிஎலத் தோட்டப்புறங்களிலோ குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவள் தாய். லயத்திலே பிள்ளைகளோடு தங்குபவன் தந்தை.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய் இப்பணிக்குச் செல்லலாகாதென 2013ஆம் ஆண்டில் அரசாங்கம் விதித்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் உழன்ற 2022இல் அவ்வெல்லை 2 வயதாகக் குறைக்கப்பட்டது. ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டாண்டு. இரண்டரை வயதிற் பிரிந்த குழந்தைக்கு அவள் திரும்புகையில் நாலரை வயது. அதன் ஆயுளில் ஏறக்குறையப் பாதி!

பகலிற் கவலையில்லை, பிள்ளைக் காம்பராவில் ஆயா கவனித்துக்கொள்வாள். அந்தி சாய்ந்த பின்னரே ஏக்கம் தலைதூக்கும். இன்று அப்பாயி, நாளை அத்தை என மாற்றாமல், இரவுதோறும் ஒருவரே உறங்க வைத்தல் நன்று. "அம்மா கடைக்குப் போயிருக்கிறாள்" எனப் பொய்யுரைத்தலோ பெருந்தீங்கு. பாவம், அக்குழந்தை மாலைதோறும் வாசலையே பார்த்திருக்கும்! உண்மையைச் சொல்லி, இடையில் வரும் தீபாவளியையும் பொங்கலையும் விரல்விட்டு எண்ணிக் காட்டலாம். கைத்தொலைபேசியில் தாய்முகம் கண்டும் பேச மறுத்தால் அதட்டலாகாது.

அவள் திரும்பிவரும் நாளில் குழந்தை அப்பாயியின் சேலைக்குள் ஒளியக்கூடும். தாய் மனம் நோவாள். ஆயினும் அன்றிரவே அதனைத் தன் பாய்க்கு இழுத்தலாகாது. சில வாரங்கள் அப்பாயியும் அருகே படுக்கட்டும்.