கைதட்டலும் கதவடைப்பும்

தொற்று நோய்க் காலங்களில் நர்ஸுகளை வாட்டுவது கிருமி மட்டுமல்ல, ஊரின் ஒதுக்கலும்தான்.

கேரளத்தை 2018 மே மாதத்தில் நிபா வைரஸ் உலுக்கியது. பரிசோதனையில் உறுதியான 18 நோயாளிகளில் பிழைத்தவர்கள் இருவரே. அதில் ஒருவர் நர்சிங் மாணவி. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணியாற்றிய நர்ஸ் லினி மே 21 அன்று உயிரிழந்தார். சாகும் தறுவாயில் கணவருக்கு அவர் எழுதிய கடிதம் நாட்டையே கலங்க வைத்தது.

ஆனால் உயிரோடிருந்த சக நர்ஸுகளுக்குக் கிடைத்த மரியாதை வேறு. பஸ்ஸில் பயணிகள் விலகிப் போனார்கள். ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். தோழியை இழந்த துக்கம், அடுத்தது தானோ என்ற பயம் இரண்டையும் சுமந்தபடி வேலைக்கு வந்தவர்கள் இவர்கள்.

இத்தகைய வார்டுகளில் உறவினர்களுக்கு அனுமதியில்லை. நோயாளி கடைசியாகப் பார்க்கும் முகம் பெரும்பாலும் நர்ஸுடையதுதான். வேலை முடிந்தாலும் நிம்மதி இல்லை. நோயை வீட்டுக்குக் கொண்டு போய்விடுவோமோ என்று குழந்தையைத் தூக்கவே தயக்கம், தூக்கம் கெடுகிறது.

கொரோனா காலத்திலும் இதே கதைதான். 2020 மார்ச் 22 அன்று நாடு கைதட்டியது; மே 3 அன்று மருத்துவமனைகள் மீது ஹெலிகாப்டர்கள் பூமாரி பொழிந்தன. அதே மே மாதத்தில்தான் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்த மணிப்பூர் நர்ஸுகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அக்கம்பக்கத்தாரின் வெறுப்பும் பாகுபாடும் அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2020ல் திருத்தப்பட்ட தொற்று நோய்ச் சட்டத்தின்படி, மருத்துவப் பணியாளர்களை நிம்மதியாக வாழவிடாமல் தொல்லை கொடுப்பதும் வன்முறையே; 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ தொடங்கப்பட்டது. 14416ல் யாரும் பேசலாம்.

ஆனால் தொற்று ஓய்ந்ததும் மனக்காயமும் ஆறிவிடும் என்று நினைப்பது தவறு. கனடாவின் டொராண்டோவில் 2003ல் சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்களிடம், ஓராண்டுக்குப் பிறகும் மனச்சோர்வு தெரிந்தது. போதிய பயிற்சியும் நிர்வாகத்தின் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவு.

பாடம் எளிதுதான். தங்க இடம், வீடு திரும்ப வண்டி, மாற்று ஆள், சம்பளத்தோடு ஓய்வு, மனம் விட்டுப் பேச ஒருவர். பூமாரியைவிட இவற்றுக்குச் செலவு அதிகம். அதனால்தானோ என்னவோ, பூக்கள் முதலில் வந்து சேர்கின்றன.