வாடகைக் காரோட்டியும் உரிமமும்

நிலத்தை மட்டும் நம்பியிராமல் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க முன்வரும் இளைஞர்களை இன்று நம் கிராமங்களில் காண்கிறோம். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஊரார் நாடுவதும் இவர்களையே. ஆனால் வண்டி வாங்கக் கடன் தேடுவதில் காட்டும் அக்கறையை உரிமம் பெறுவதில் எல்லோரும் காட்டுவதில்லை. ஆகவே அதன் முறைகளை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பியவர் இலகு ரக வாகன உரிமம் கோரலாம். முதலில் சாலை விதிகளில் தேர்வு பெற்றுப் பழகுநர் உரிமம் அடைதல் வேண்டும். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பின்னரே, வட்டாரப் போக்குவரத்து அலுவலரின் முன்னிலையில் வண்டியை ஓட்டிக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெற இயலும்.

வாடகைக் காருக்குத் தனி உரிமம் தேவையா என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியாயின், இலகு ரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. அதற்கு மேற்பட்ட பேருந்து, லாரி ஆகியவற்றுக்கு 20 வயதும், ஓராண்டு இலகு ரக உரிமமும், மருத்துவச் சான்றும் அவசியம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது.

புதுப்பித்தலில்தான் பலர் தவறுகின்றனர். 30 வயதுக்குள் பெற்ற இலகு ரக உரிமம் 40 வயது வரை செல்லும். போக்குவரத்து வாகன உரிமமோ 5 ஆண்டே செல்லும். கெடு முடிந்த பின்னும் 30 நாள் செல்லும் என்றிருந்த பழைய சலுகை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அகன்றது. கெடுவுக்கு ஓராண்டு முன்னரே விண்ணப்பிக்கலாம். கெடு கடந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டால், மீண்டும் ஓட்டிக் காட்டித் தேறவேண்டும். 40 வயது கடந்தவர் மருத்துவச் சான்றும் இணைத்தல் வேண்டும்.

இதில் அசட்டை கூடாது. செல்லாத உரிமத்துடன் ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் வண்டியின் உரிமையாளரிடமே திரும்பப் பெறக்கூடும். ஒரு காணியை விற்று வாங்கிய வண்டி, எஞ்சிய காணியையும் விழுங்கிவிடும் அன்றோ?

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊர் ஓட்டுநர்களின் உரிமக் கெடுவை ஒரு பதிவேட்டில் குறித்து வைத்து, உரிய காலத்தில் நினைவூட்டுவார்களாயின், அது பல குடும்பங்களைக் காத்த பெரும் பணியாகும்.