நடுக்குவாதமும் உடல் நிறையும்

கை நடுக்கம், குறுகிய நடை, இறுகிய முகம், இப்படியான வயதானவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் பார்க்கின்சன் நோய் என்று எழுதியிருக்கும். நாம் நடுக்குவாதம் என்போம். நோயாளி மெலிந்தால் லயத்தில் முதலில் கிளம்பும் பேச்சு, "மருமக ஒழுங்கா சோறு போடுறதில்ல" என்பதுதான். பெரும்பாலும் அது அநியாயப் பேச்சு.

மெலிவு நோயோடு சேர்ந்தே வரும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கை நடுங்கி, சதை இறுகிக் கிடந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பும் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. மணம் தெரியாமல் போவதால் கருவாட்டுக் குழம்பு கூட ருசிக்காது. விழுங்கவும் கஷ்டம், மலச்சிக்கல் வேறு.

லெவோடோபா குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் தண்ணீரோடு கொடுப்பது நல்லது. பால் தேத்தண்ணியோடு வேண்டாம். குமட்டினால் ஒரு பிஸ்கட் கொடுக்கலாம். பருப்பு, மீன், பால் இவற்றின் புரதம் குளிசையின் வேலையைத் தடுக்கும் என்பது உண்மை. அதற்காக அவற்றை அடியோடு நிறுத்தினால் ஆள் இன்னும் மெலிவார்.

இதற்கு நேர்மாறான விஷயமும் உண்டு. மருந்து மட்டும் போதாத சிலருக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் பெட்டரியிலிருந்து சிறு மின்துடிப்பு கொடுக்கிறார்கள். 1987ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பேராசிரியர் பெனாபிட் குழுவினர் ஆரம்பித்த முறை இது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்திலும் செய்கிறார்கள். நோய் முற்றாகக் குணமாகாது. நடுக்கமும் இறுக்கமும் குறையும்.

நம்மில் மிகச் சிலருக்கே இது கிடைக்கும். ஆனாலும் இந்தியாவில் உள்ள சொந்தக்காரர் செய்துகொண்டு, "ஒப்பரேசனுக்குப் பிறகு ஊதிட்டேன்" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பலருக்கு முதல் வருடத்திலேயே சில கிலோ கூடுகிறது. நடுக்கத்தில் எரிந்த சக்தி மிச்சமாகிறது, சாப்பாடு மட்டும் முன்போலவே போகிறது. பசியை ஆளும் மூளைப் பகுதி கம்பிக்குக் கிட்ட இருப்பதும் ஒரு காரணமாகலாம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். இழந்த நிறை திரும்புவது நல்லதே. அதற்கு மேலே போனால் முழங்கால், சீனி, பிரஷர் என்று தொல்லை. சோற்றையும் ரொட்டியையும் கொஞ்சம் குறைத்து, தினமும் நடக்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கையில் ஒரு கிலோ குறைந்தால் நாம் சும்மா விடுவதில்லை. அதேபோல மாதம் ஒருமுறை நோயாளியின் நிறையை டிஸ்பென்சரியில் பார்த்துக் கிளினிக் கொப்பியில் குறிக்கவும். சில மாதத்துக்குள் மூன்று நான்கு கிலோ குறைந்தாலும் கூடினாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டவும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிராபத்தும் வரலாம்.