சாவடி ஊருக்கு வெளியே, நெரிசல் ஊருக்குள்ளே

புதுச்சேரிச் சாலைகளுக்கு 2025ஆம் ஆண்டு பெரும் பணம் வந்தது. ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான 46 கி.மீ. தூரத்தை நான்குவழியாக்க 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அக்டோபரில் மத்திய நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி நேரில் வந்து, 1,588 கோடியில் முடிந்த புதுச்சேரி–பூண்டியாங்குப்பம் நான்குவழிச் சாலையைத் திறந்துவைத்தார். இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்துக்கும் இடையே 436 கோடி ரூபாய் மேம்பாலத்துக்கு அதே நாளில் அடிக்கல் நாட்டினார்.

இந்தச் சாலைகள் எதுவும் வைத்திக்குப்பத்துக்குள் நுழையவில்லை. ஆனால் அவை கொண்டுவரும் வண்டிகள் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று வைத்திக்குப்பம். நகரத்தின் வடக்கு புல்வார்டைத் தாண்டினால் குருசுக்குப்பம், அதை அடுத்து இந்த மீனவர் குடியிருப்பு. மாசி மகத்தன்று மயிலம் முருகன் தீர்த்தவாரிக்காகத் திண்டிவனம் சாலை வழியே வந்து சேரும் கடற்கரையும் இதுதான். ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டத்தைத் தாங்கப் பழகிய இந்த ஊர், இப்போது வாரந்தோறும் அதைத் தாங்குகிறது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்களைத் தடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை வரை அது நடப்பவர்களுக்கான சாலை. நல்ல ஏற்பாடு, யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே நிற்க முடியாத கார்கள் பக்கத்துத் தெருக்களைத் தேடி வருகின்றன. வலை காயப்போட்ட திண்ணைக்கு முன்னால் ஒரு கார், எதிர்வீட்டு வாசலில் இன்னொன்று. நடுவில் மிச்சமிருக்கும் வழியில் மீன் கூடையோடு ஒருவர் ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்தால் நுழைய முடியாது.

கோடிக்கணக்கில் நெடுஞ்சாலைக்குச் செலவாகும்போது, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஏன் பணமில்லை? சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

சாலைக்குப் பணம் போடுவது யார்?

இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் மூன்று முறைகளில் கட்டப்படுகின்றன. முதல் முறையில் முழுச் செலவையும் அரசே ஏற்று, ஒப்பந்ததாரரிடம் கட்டும் வேலையை மட்டும் கொடுக்கிறது. இரண்டாவது, தனியார் நிறுவனம் பணம் போட்டுக் கட்டி, ஒப்பந்தக் காலம் முழுவதும் சுங்கம் வசூலித்து எடுத்துக்கொள்ளும் முறை. மொரட்டாண்டியில் சாவடி வைத்திருக்கும் திண்டிவனம்–புதுச்சேரி சாலை இப்படிக் கட்டப்பட்டதுதான்.

மூன்றாவது, 2016 முதல் பரவலான கலப்பு முறை. கட்டும்போதே 40 சதவீதச் செலவை அரசு தரும். மிச்ச 60 சதவீதத்தை ஒப்பந்ததாரர் கடன் வாங்கிப் போட்டு, 15 ஆண்டுகளில் வட்டியோடு தவணைகளாக அரசிடம் திரும்பப் பெறுவார். சுங்கக் கட்டணம் அவருக்குப் போகாது, அரசுக் கணக்குக்குப் போகும். மரக்காணம்–புதுச்சேரி சாலை இந்த முறையில்தான் வருகிறது.

சுங்கம் கட்டாதவர்களும் சாலைக்குக் காசு கொடுக்கிறார்கள். இருசக்கர வண்டிக்குச் சாவடியில் கட்டணம் கிடையாது. ஆனால் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் மத்திய சாலை, உள்கட்டமைப்பு நிதிக்கான வரி அதில் சேர்ந்தே பிடிக்கப்படுகிறது. அதற்கு மேல் புதுச்சேரி அரசின் மதிப்புக்கூட்டு வரி. வண்டி வாங்கும்போது சாலை வரி. ஸ்கூட்டியில் மீன் விற்கப் போகிறவரும் நெடுஞ்சாலைக்குப் பணம் போட்டவர்தான்.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2008ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள்தான் அடிப்படை. நான்குவழிச் சாலையில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா, பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 பைசா என்று 2007–08 விலையில் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் 3 சதவீத உயர்வும், மொத்த விலைக் குறியீடு ஏறிய அளவில் 40 சதவீதமும் அதில் சேரும். ஏப்ரல் முதல் தேதி சுங்கம் ஏறுவது இதனால்தான்.

சாவடி எங்கே இருக்கலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ.க்கு அப்பால் இருக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவுசெய்தால் நெருங்கலாம், ஆனால் 5 கி.மீ.க்குள் வரக் கூடாது. நகரவாசிகளின் பயன்பாட்டுக்கென்றே கட்டப்பட்ட பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஊர்க்காரர் காய்கறி வாங்கப் போவதற்கெல்லாம் சுங்கம் கட்டக் கூடாது என்பதற்காக வந்த விதி இது, நியாயமானதும்கூட. ஆனால் இதன் மறுபக்கம், சாவடியில் சேரும் பணம் ஊருக்கு வெளியே உள்ள சாலையின் கணக்கிலேயே நின்றுவிடுகிறது. சென்னையிலிருந்து வரும் கார் அனுமந்தையிலோ மொரட்டாண்டியிலோ சுங்கம் கட்டிவிட்டு வருகிறது. ஊருக்குள் அஜந்தா சிக்னலில் அது நிற்கும் நேரத்துக்கும், வைத்திக்குப்பத்தில் அது பிடிக்கும் இடத்துக்கும் அந்தச் சுங்கத்திலிருந்து ஒரு ரூபாய் வருவதில்லை.

எல்லைக்கோடு தரும் சுமை

திண்டிவனம், விழுப்புரம், மரக்காணம் என்று புதுச்சேரியின் வடக்கும் மேற்கும் உள்ள வழிகளில் மொரட்டாண்டி, கெங்கராம்பாளையம், அனுமந்தை சாவடிகள் இருக்கின்றன. மூன்றும் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளவை. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு விழுப்புரம் சந்தைக்குப் போகும் ஒரு டாடா ஏஸை எடுத்துக்கொள்வோம். சாவடியில் அதற்குக் காருக்கான கட்டணம்தான். சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வணிக வாகனத்துக்கு 2008 விதிகள் பாதிக் கட்டணம் தருகின்றன. ஆனால் இந்த வண்டியின் எண் பிஒய் 01 என்று தொடங்குகிறது. விதியின் எழுத்துப்படி அது வெளி மாவட்ட வண்டி. சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் வசிப்பவர்களுக்கான மாதாந்திர அட்டையும் வணிக வாகனத்துக்குக் கிடையாது.

2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஆண்டு பாஸைப் பாருங்கள். தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளைக் கடக்க முடிந்தது. ஒரு முறைக்கு 15 ரூபாய்தான் ஆனது. ஆனால் அது சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். வார இறுதியைக் கழிக்க வரும் காருக்குச் சலுகை உண்டு. பிழைப்புக்காக ஓடும் மீன் வண்டிக்கு இல்லை. சாவடிக்கு மிக அருகில் வாழ்ந்தும் மாநில எல்லையால் சலுகை இழப்பவர்கள் புதுச்சேரிக்காரர்கள். புதுச்சேரி பதிவு வண்டிகளையும் உள்ளூர் வண்டிகளாகக் கருத வேண்டும் என்று புதுச்சேரி அரசு மத்திய அமைச்சகத்திடம் உறுதியாகக் கேட்க வேண்டும்.

ஊருக்குள் ஒரு கிலோமீட்டர்

2001 முதல் 2011 வரை நாட்டின் மக்கள்தொகை 17.7 சதவீதம் வளர்ந்தபோது, புதுச்சேரி ஒன்றியப் பகுதி 28 சதவீதம் வளர்ந்தது. ஊர் வளரும் வேகத்தில் தெரு அகலமாவதில்லை. அகலப்படுத்த முடியாத இடத்தில் மேலே கட்ட வேண்டியிருக்கிறது. அதன் விலையை அரசின் கணக்குகளே காட்டுகின்றன. மரக்காணம் சாலைக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 கோடி. சுமார் 4 கி.மீ. வரும் சதுக்க மேம்பாலத்துக்கு ஏறத்தாழ 110 கோடி, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

மேம்பாலம் வேண்டாம் என்பதல்ல. கடலூர், திண்டிவனம், விழுப்புரம் வண்டிகள் எல்லாம் மோதிக்கொள்ளும் அந்த இரண்டு சதுக்கங்களுக்கும் அது தேவை. ஆனால் அங்கே மிச்சமாகும் பத்து நிமிடத்தை அந்த வண்டிகள் கடற்கரைப் பக்கத் தெருக்களில் இடம் தேடிச் செலவிடப்போகின்றன.

சுங்கப் பாதை தீர்வாகுமா?

வெளிநாடுகளில் சில நகரங்கள் நெடுஞ்சாலையிலேயே தனியாகச் சுங்கப் பாதை வைத்திருக்கின்றன. அவசரம் உள்ளவர் காசு கட்டி அதில் போகலாம், மற்றவர் பக்கத்துப் பாதையில் இலவசமாகப் போகலாம். நெரிசல் நேரத்தில் கட்டணம் ஏறும். கலிபோர்னியாவில் 91ஆம் எண் சாலையில் 1995 டிசம்பரில் இது தொடங்கியது. கட்டிய தனியார் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், பக்கத்திலுள்ள இலவசப் பாதையை அரசு மேம்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நெரிசல் முற்றி, 2003இல் ஆரஞ்சு கவுண்டி போக்குவரத்து ஆணையம் 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அந்தப் பாதையையே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

நம் பக்கத்து அனுபவம் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2002 முதல் சுங்கம் வசூலிக்கும் அதே தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், அங்கேயும் சாவடிகள் வைத்தது. வேலைக்குப் போகிறவர்கள் நாள்தோறும் கட்டணம் கட்டினார்கள், வரிசையில் நின்றார்கள். மெட்ரோ பணிக்காக 2021 ஆகஸ்டில் நகருக்குள் இருந்த நான்கு சாவடிகள் மூடப்பட்டன. 2023 அக்டோபரில் நாவலூர் சாவடியிலும் வசூல் நின்றது. ஊருக்குள் சாவடி வைத்தால் அன்றாடப் பிழைப்புக்காரர்தான் முதலில் அடிபடுவார் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1975 ஜூன் முதல் நகர மையத்துக்குள் காரில் நுழைய உரிமச் சீட்டு வாங்கச் சொன்னது. 1998 முதல் மின்னணுக் கம்பங்கள் கட்டணத்தைத் தாமே பிடித்துக்கொண்டன. லண்டன் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு நெரிசல் கட்டணத்தோடு தொடங்கியது; அந்தப் பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. இரண்டு ஊர்களிலும், காரை வீட்டில் விட்டு வருகிறவருக்கு ஏற ஒரு பேருந்தோ ரயிலோ இருந்தது.

புதுச்சேரிக்கு எது பொருந்தும்?

ஊருக்குள் சுங்கப் பாதைக்கு இங்கே இடமும் இல்லை, நியாயமும் இல்லை. காசு கேட்க வேண்டியது, தெருவைப் பல மணி நேரம் அடைத்து நிற்கும் காரிடம். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நேரத்துக்கேற்ற நிறுத்தக் கட்டணம் வைக்க வேண்டும். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் குடியிருப்புத் தெருக்களில் வெளி வண்டிகள் நிற்கத் தடையும், வீட்டுக்காரர்களுக்கு இலவச அடையாள வில்லையும் வேண்டும். கார்களை இரண்டு சதுக்கங்களுக்கு அருகே பெரிய நிறுத்தங்களில் விட்டுவிட்டு, கடற்கரைக்குச் சிற்றுந்தில் வர வேண்டும். அந்தச் சிற்றுந்தின் செலவை நிறுத்தக் கட்டணம் தாங்க வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தெருவுக்குச் செலவானது என்ற கணக்கை நகராட்சி மாதந்தோறும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

மரக்காணம் நான்குவழிச் சாலை திறந்தால் சென்னைக் கார்கள் இன்னும் சீக்கிரம் வந்து சேரும். அதற்குள் நிறுத்த விதிகளும் சிற்றுந்துகளும் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். 2,157 கோடிக்கு ஒப்புதல் வாங்க முடிந்த நமக்கு, ஒரு மீனவத் தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய வழிவிடும் ஏற்பாட்டைச் செய்ய மனம் மட்டும் போதும்.