சுடாத பல்பு!

போன செமஸ்டர் லீவுக்கு செஞ்சிக்குப் போயிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு கரன்ட் கட். ராஜகிரி மலையே இருட்டுல கரைஞ்சுபோச்சு. கோட்டை அகழி ஓரப் புதர்ல பச்சையா ஒரு துளி... மின்மினி! உள்ளங்கையில ஏத்திக்கிட்டேன். சூடே இல்லை. ‘நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ புளியமரமே எரியுற மாதிரி இருக்கும்டா’னு பெருமூச்சு விட்டுச்சு ஆயா.

எரியுற குண்டு பல்பைத் தொட்டிருக்கீங்களா? (வேணாம், விட்டுடுங்க!) அது குடிக்கிற கரன்ட்டுல 90 சதவிகிதத்துக்கும் மேல சூடாத்தான் போகுது. மின்மினி வயித்துல டங்ஸ்டன் கிடையாது. லூசிஃபெரின்னு ஒரு வேதிப்பொருள்தான். லூசிஃபெரேஸ் என்ஸைம் துணையோட, ஏ.டி.பி. உசுப்பிவிட, அது ஆக்ஸிஜனோட சேருது. அதுல பிறக்குற மூலக்கூறு எனர்ஜி தாங்காம துள்ளி, கீழே இறங்கும்போது ஒரு ஃபோட்டானைத் துப்புது. அவ்வளவுதான் மேட்டர்!

அசாம் மின்மினி ஒண்ணை கௌஹாத்தி பல்கலைக்கழக இயற்பியல்காரங்க அளந்தப்போ, ஒளியோட உச்சம் 562 நானோமீட்டர். 1240-ஐ அதால வகுத்துப் பாருங்க... ஃபோட்டானுக்கு 2.2 எலெக்ட்ரான் வோல்ட். பகல்ல நம்ம கண்ணு அதிகமா உணர்றது 555. என்னா குறி!

‘மின்மினி கிட்டத்தட்ட 100 சதவிகிதம் திறமைசாலி’னு எங்கேயாவது படிச்சிருந்தா, அதை அழிச்சிடுங்க பாஸ். 1960-ல 88 சதவிகிதம்னு அளந்தாங்க. 2008-ல ஜப்பான் ஆளுங்க திரும்ப அளந்தா, 41தான்! அதாவது 100 லூசிஃபெரின் மூலக்கூறு வினைபுரிஞ்சா 41 ஃபோட்டான். என் மேத்ஸ் மார்க் மாதிரி இருக்கேனு சிரிக்காதீங்க, இதுவே செம ஸ்கோர்.

எனக்குப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. உள்ளே பிறந்த ஒளி வெளியே வரணுமே? முழு அக எதிரொளிப்புல பாதி உள்ளேயே மாட்டிக்குமே? ஃபோட்டூரிஸ்ங்கிற மின்மினியோட வயித்துச் செதில்கள் ஓட்டுக்கூரை மாதிரி விளிம்பு தூக்கி நிக்குது. அந்த விளிம்புல ஒளி தப்பிச்சு வெளியே வந்துடுது. இதையே எல்.இ.டி. மேல காப்பியடிச்சுப் பார்த்தாங்க. 2013-ல வந்த ரிசல்ட்: 55 சதவிகிதம் கூடுதல் வெளிச்சம்!

கொடுமை என்னன்னா, அதே எல்.இ.டி.தான் இப்போ அதுக்கு வில்லன். ஆண் மின்மினி மின்னுறது ஜோடியைக் கூப்பிட. தெருவிளக்கு வெளிச்சத்துல அந்த சிக்னல் எடுபடாது. 2022 ஏப்ரல்ல ஆனைமலை புலிகள் காப்பகத்துல லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்துல மின்னினதைப் படம் எடுத்தாங்கன்னா, அங்கே இன்னும் இருட்டு மிச்சம் இருக்கு.

செஞ்சியில அன்னிக்கு ஒன்பதே காலுக்கு கரன்ட் வந்துச்சு. தெருவிளக்கு பளிச்னு எரிய, என் கையில இருந்தது கிளம்பி அகழியோட இருட்டுப் பக்கமா போயிடுச்சு.